ஜெயவேல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அறுபத்தோரு நாள்

ஜெயவேல் கடலுக்குப் போய்விட்டால் பத்து நாள், பன்னிரண்டு நாள் அவனுடைய ஷேர்களை யாரும் பார்ப்பதில்லை. காசிமேட்டை விட்டு விசைப்படகு மூன்று மணி நேரம் ஓடினால் போனில் டவர் போய்விடும். திரும்பி வருகிற வரைக்கும் மார்க்கெட் ஏறியதா இறங்கியதா என்று அவனுக்குத் தெரியாது. அப்படியே இரண்டரை வருஷம் ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான். கெட்டதெல்லாம் கரையில் இருந்தபோது.

அவன் எனக்கு மகன் முறை. என் அப்பாவும் அவனுடைய தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அவன் அப்பன் கன்னியப்பன் என்னைவிட இரண்டு வயது இளையவன். முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் படகுக்கே டிரைவராக இருந்து, ஒரு ஆடி மாதம் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனான். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஓனர் வீட்டு ஆள் நின்றுகொண்டிருந்தான். படகுச் சாவி வேண்டுமாம். ஐஸ் ஏற்றியாகிவிட்டதாம். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தவன் ஜெயவேல்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு படகில் கால் பங்காவது தன் பேரில் எழுதியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அவனுக்குள் நுழைந்தது. பங்கு இருக்கிறவன் வீட்டுக்குச் சாவி கேட்டு யாரும் வர முடியாதல்லவா?

இந்த ஷேர் விவகாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவன் மகள் கீர்த்தி. பி.காம் படிக்கிற பெண். "நைனா, சீட்டு கட்டுற துட்டுல பாதிய இதுல போடு, நான் கத்துத் தரேன்" என்று சொல்லி, கணக்கு ஆரம்பித்து, போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு பெயிண்ட் கம்பெனி, ஒரு பிஸ்கட் கம்பெனி, ஒரு வங்கி, ஒரு லாரி டயர் கம்பெனி. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனான்.

முதல் பயணத்தில் அவன் பட்ட அவஸ்தையை ஹென்றி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஹென்றி குளச்சல் பக்கத்துக்காரன். பத்து வருஷமாக ஜெயவேலோடு அதே படகில் வேலை. டவர் கிடைக்குமா என்று ஜெயவேல் கேபின் கூரைமேல் ஏறி நின்றானாம். கிடைக்கவில்லை. பொறுக்க முடியாமல் வயர்லெஸ்ஸில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறொரு படகைக் கூப்பிட்டிருக்கிறான்.

"மாமு, டவர் வந்ததும் போன்ல அந்த பிஸ்கட் கம்பெனி இன்னா வெல போவுதுன்னு பாத்து சொல்றியா?"

அந்தப் பக்கம் இருந்தவன், "வயர்லெஸ்ல புயல் சேதி கேப்பானுங்க, டீசல் கேப்பானுங்க. பிஸ்கட் வெல கேக்குற மொத ஆளு நீதான் மாமு. டீயும் சொல்லட்டா?" என்றானாம்.

அந்தப் பயணம் முடிந்து வந்தவனை உட்காரவைத்துக் கீர்த்தி ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு ஷேருக்கும் மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை முன்கூட்டியே போட்டுவைப்பது. மேல்விலை வந்தால் தானாகவே விற்று லாபத்தை எடுத்துவிடும். கீழ்விலைக்கு இறங்கினால் அதற்குமேல் நஷ்டம் ஆகாமல் விற்றுவிடும். ஆள் அங்கே இருக்க வேண்டியதில்லை. நம்மைக் கேட்காமலே விற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் ஒருமுறை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட அவன் இரண்டு நாள் யோசித்தான். "என்ன கேக்காம என் பொருள எவனோ விப்பானா?" என்று என்னிடம் வந்து கேட்டான். எனக்கென்ன தெரியும்? போட்டான்.

போட்ட பிறகு மனுஷன் மாறிப்போனான். கரைக்கு வந்தால் முதலில் மீனை இறக்குவான். ஏலம் முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் போனைத் திறப்பான். ஒருமுறை டயர் தானாக விற்று நல்ல லாபம் வந்திருந்தது. ஒருமுறை வங்கி கீழ்விலைக்கு விற்றுக் கொஞ்சம் போயிருந்தது. "சரி, போவட்டும்" என்றான். அடுத்த பயணத்துக்கு முன் வேறு விலை போட்டுவைத்தான். இதைப் பார்த்துவிட்டு ஹென்றியும் தன் சம்பாத்தியத்தில் அறுபதாயிரத்தை அதே நான்கு கம்பெனியில், அதே விலைகளோடு போட்டான்.

போன மாசி மாதம் பொன்னுரங்கம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினான். பொன்னுரங்கம், ஜெயவேலின் மனைவி கார்குழலிக்கு உடன்பிறந்த அண்ணன். எண்ணூர் தாழங்குப்பத்துக் குடும்பம். ஜெயவேல் ஓட்டுகிற விசைப்படகு அவனுடையது. இரண்டு முட்டியும் தேய்ந்து, படகில் ஏறி இறங்க முடியாமல் இருந்தான்.

"மாப்ள, லாஞ்சுல கால் பங்க வித்துடலாம்னு கீறேன். ஆறு லட்சம். ஐஸ்காரன் ரவிக்குமாரு நாளைக்கே தரேன்னு நிக்கிறான். ஆனா உனுக்கு குடுக்காம அவனுக்கு குடுத்தா என் தங்கச்சி எனுக்கு சோத்துல வெஷம் வெச்சிடுவா."

"எனுக்கு கொஞ்சம் டயம் குடு மச்சான்."

"தடைக்காலம் முடிஞ்சி லாஞ்சு கெளம்புறதுக்குள்ள குடு. பேர எய்திடலாம். அதுக்கு மேல என்னால ரவிக்கு பதில் சொல்ல முடியாது."

அப்போது ஜெயவேலின் ஷேர்கள் ஐந்தே கால் லட்சம் இருந்தன. போட்டுவைத்திருந்த மேல்விலைகள் வந்தால் ஆறு தாண்டும். வராவிட்டாலும் குறைகிற அரை லட்சம், முக்கால் லட்சத்தை எங்கேயாவது புரட்டிவிடலாம். கீர்த்தி காகிதத்தில் எழுதிக் காட்டினாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம் நைனா. கைய வெக்காம இருந்தா போதும்."

அது மட்டும்தான் அவனால் முடியவில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம் ஆரம்பித்தது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று எங்கள் கரையில் அறுபத்தோரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஆட்கள் வலை தைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், அதுவும் முடிந்தால் சும்மா உட்காருவார்கள். ஹென்றி ஊருக்குப் போய்விட்டான். அவன் ஊரில் மேற்குக் கடலில் தொழில் செய்கிறவர்கள் உண்டு. நமக்குத் தடை முடிகிற சமயத்தில்தான் அந்தப் பக்கம் ஆரம்பிக்கும். அதனால் ஹென்றிக்கு வருஷம் முழுக்கக் கடல். ஜெயவேல் போகவில்லை. கட்டிக் கிடக்கிற படகை ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும் என்று பொன்னுரங்கம் நிறுத்திவிட்டான்.

இரண்டரை வருஷத்தில் முதல்முறையாகக் காலை ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறக்கும்போதும் மாலை மூன்றரைக்கு மூடும்போதும் அவன் கையில் போனும் இருந்தது, போனில் டவரும் இருந்தது. முந்தின இரண்டு தடைக்காலத்திலும் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதில் பொழுது போனது தெரியவில்லை. இந்த வருஷம் இன்ஜின் நன்றாக இருந்து தொலைத்தது.

முதல் வாரம் பார்த்ததோடு சரி. ஊசியும் நூலுமாக வலைக்கு எதிரில் உட்காருவான். நான்கு கண்ணி போடுவான், போனை எடுப்பான். மறுபடி நான்கு கண்ணி. ஒருநாள் அவன் தைத்த வலையை நானே பிரித்து மறுபடி தைத்தேன். கண்ணி ஒன்று கட்டைவிரல் அகலம், ஒன்று கை அகலம்.

இரண்டாம் வாரம் பெயிண்ட் கம்பெனியை விற்றான். கீர்த்தி கல்லூரியில் இருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நைனா, பெயிண்ட இன்னாத்துக்கு வித்த?"

"அது பத்து நாளா அசையவே இல்லம்மா. ஒரே எடத்துல கீது."

"நீ கடலுக்கு போயிருந்தா இந்த பத்து நாளு அத்த பாத்திருப்பியா?"

"போவலையே. இங்கதான குந்திக்கினு கீறேன்."

அவன் மூளை வேலை செய்த விதம் எனக்குப் புரிந்தது. நானும் டிரைவராக இருந்தவன். இரண்டு முறை வலை போட்டு இழுத்துக் காலியாக வந்தால் மூன்றாம் முறை அதே இடத்தில் போடுகிறவன் டிரைவரே இல்லை. இடத்தை மாற்ற வேண்டும். தூரத்தில் நான்கு படகு சேர்ந்து சுற்றினால் அங்கே மீன் இருக்கிறது என்று திருப்பிவிட வேண்டும். கருவியில் மீன் கூட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பழக்கம்தான் அவனுக்குச் சோறு போட்டது. போனில் ஏறி இறங்குகிற கோட்டைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்குமா? பெயிண்டை விற்றுச் சிமெண்ட் வாங்கினான். மூன்று நாளில் சிமெண்டை விற்று மருந்துக் கம்பெனி வாங்கினான். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிற்று. அவன் விற்ற பிறகு பெயிண்ட் ஏறத் தொடங்கியது.

கார்குழலி ஒருநாள் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டுக் கருவாடு விற்கப் போய்விட்டாள். பதினோரு மணிக்கு என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"பெரிப்பா, உன் போன குடு. ரெண்டே நிமிசம்."

"இது பட்டன் போன்டா. இதுல மணி பாக்கலாம். வோணும்னா பாரு."

அவன் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனைக் கேட்கப் போனான். சாயங்காலம் டிரம் பக்கத்தில் அரிசி இறைந்து கிடந்ததைப் பார்த்துக் கார்குழலி கேட்ட கேள்வி தெருமுனை வரை கேட்டது. "யோவ், அரிசிக்குள்ள கைய உட்டு தேடுறியே, கூச்சமா இல்ல? பொம்பள வெச்சிக்கிறவன் கூட இவ்ளோ அலைய மாட்டான்!"

செய்வது தப்பு என்று அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். தெரியாமல் செய்திருந்தால் யாருக்கும் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. தானே ஒரு வழி கண்டுபிடித்தான். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கிச் சின்னச் சின்ன மரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, டோக்கன் கொடுப்பார்கள். "கடல் மாறியே, டவரு இல்லாத எடம்" என்று சொல்லிவிட்டு, குழாய் சுத்தம் செய்கிற வேலையில் போய்ச் சேர்ந்தான். முதல் நாள் சாம்பல் அப்பிய மூஞ்சியோடு வந்தவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டாம் நாள் பேச்சு குறைந்திருந்தது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வயிற்று வலி என்று சொல்லி வெளியே வந்து, கேட்டில் டோக்கனைக் கொடுத்திருக்கிறான். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"வயித்து வலிக்கு மருந்து போன்லயா கீது? தோ பாருப்பா, இத்த பாக்கணும்னா வூட்ல குந்து. இன்னாத்துக்கு என் உயிர வாங்குற?"

வந்துவிட்டான். போன் தொல்லை இருக்கக் கூடாது என்று போன இடத்தை, போன் பார்க்க விடவில்லை என்று விட்டுவிட்டு வந்த ஆளை என்ன செய்வது?

துறைமுகத்து டீக்கடை இன்னும் மோசம். அங்கே முப்பது டிரைவர்கள், எல்லாருக்கும் வேலை இல்லை, பாதிப் பேருக்கு இதே ஷேர்ப் பித்து. வடக்கே எங்கேயோ சூரிய மின் தகடு செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அதை ஒருவன் வாங்கினான், ஏறியது. இரண்டு பேர் வாங்கினார்கள், அதுவும் ஏறியது. நான்கு படகு சேர்ந்து சுற்றுகிற இடம்! ஜெயவேல் பிஸ்கட்டை விற்றான், வங்கியை விற்றான், டயரையும் மருந்தையும் விற்றான். போட்டுவைத்திருந்த மேல்விலை கீழ்விலை எல்லாம் அவற்றோடு போயிற்று. எல்லாப் பணத்தையும் இந்த ஒன்றிலே போட்டான்.

கீர்த்தி அழாத குறை. "சரி, வாங்கிட்ட. இதுக்கு ஒரு கீழ்வெலயாவது போடு நைனா."

"அது ஆளு இல்லாதப்போ போடுறது. நாந்தான் பாத்துக்கினே கீறேனே?"

"எப்பவும் பாத்துக்கினே இருப்பியா?"

"வேற இன்னா வேல கீது எனுக்கு?"

ஏறியது. அதையும் சொல்ல வேண்டும். பத்து நாள் விடாமல் ஏறியது. வைகாசி முதல் வாரத்தில் ஒருநாள் மத்தியானம் என்னைத் தேடி வந்து போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். ஆறு லட்சத்து இருபதாயிரம். கார்குழலி அன்றைக்கே அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"வித்துடுய்யா. இப்பவே வித்துடு. துட்டு வந்ததும் எங்க அண்ணன் கையில குடுத்துட்டு வந்துடலாம். கால் பங்கு நம்ம பேருல வந்துடும்."

"இன்னும் ரெண்டு நாளு. ஆறரை வந்தா புது வலையும் எடுத்துடலாம்."

"வல யாரு கேட்டா உன்ன?"

"ஏறிக்கினு கீதுடி! ஏறும்போது எவனாவது விப்பானா?"

மேல்விலை போட்டுவைத்திருந்தால் ஆறு லட்சம் வந்த நிமிஷமே அது விற்றிருக்கும். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்காது. நான் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன். வாயைத் திறந்து ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த ஆறு லட்சத்து இருபதாயிரத்தைப் பார்த்ததும் எனக்கும் ஆறரை ஆகட்டுமே என்றுதான் தோன்றியது.

அந்த வாரத்தில்தான் மீன்வளத் துறை ஆய்வு. வருஷா வருஷம் தடைக்காலத்தில் அதிகாரிகள் வந்து ஒவ்வொரு படகையும் பார்ப்பார்கள். பதிவு எண் சரியாக எழுதியிருக்கிறதா, படகு நீளம் எவ்வளவு, உயிர்காக்கும் சட்டைகள் இருக்கின்றனவா, இன்ஜின் நம்பர் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா. அதில் தேறினால்தான் கடலுக்குப் போக விடுவார்கள். பொன்னுரங்கத்தால் ஏற முடியாது என்பதால் ஜெயவேல் படகில் இருந்தான். அவர்கள் பத்தேகாலுக்கு எங்கள் படகுக்கு வந்தார்கள். ஒன்பதே காலில் இருந்து அதுவரை அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷேர் நின்ற இடத்திலேயே நின்றது.

எல்லாம் சரியாக இருந்தது, இன்ஜின் நம்பர் மட்டும் தெரியவில்லை. கிரீஸும் கரியும் ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. "துடைச்சுக் காட்டுங்க, இல்லாட்டி அடுத்த வாரம்தான்" என்றார் அதிகாரி. சட்டை அழுக்காகும் என்று கழற்றிக் கேபின் கொக்கியில் மாட்டினான். போன் சட்டைப் பையில். மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கினான். ஒருமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. துடைத்த நம்பரில் ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று சந்தேகம். மேலே ஏறிப் போனை எட்டிப் பார்க்கலாம் என்றால் அதிகாரி டார்ச்சோடு தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எட்டுதான் என்று எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தபோது மணி பதினொன்றே முக்கால். அந்தக் கம்பெனியில் ஏதோ கணக்குத் தப்பு என்று பத்தரை மணிக்குச் செய்தி வந்திருக்கிறது. அதிலிருந்து பதினொன்றரை வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஐந்தில் ஒரு பாகம் போய்விட்டது. அவன் விற்கச் சொல்லி அமுக்கினான். விற்கவில்லை. மறுபடி அமுக்கினான். விற்க ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நிற்க, வாங்க ஒரு ஆள் இல்லை. ஒருநாளில் இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று எல்லை உண்டாம். அந்த எல்லையைத் தொட்டு நின்றுவிட்டது.

டீக்கடைக்கு ஓடினான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கும்போதே விற்றிருந்தார்கள். "பாத்துக்கினேதான இருந்தோம், நீ எங்க மாமு போன?" என்று ஒருவன் கேட்டானாம். ஜெயவேல் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பிரித்துவிட நான்கு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் ஒன்பதே காலுக்கு விற்க நின்றான். எல்லையை இப்போது சின்னதாக்கியிருந்தார்கள், திறந்ததுமே அதைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த நாளும். தினமும் குளித்துவிட்டு, போனை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்பதே கால் ஆகக் காத்திருப்பான். ஒன்பது பதினாறுக்குப் போனைக் கவிழ்த்து வைப்பான். எட்டாவது நாள்தான் விற்றது. கைக்கு வந்தது மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

கார்குழலி கத்துவாள் என்று நினைத்தோம். கத்தவில்லை. மீன் நறுக்கிக்கொண்டே ஒன்று சொன்னாள்: "டவரு இல்லாத எடத்துல நல்லா இருந்த மனுசன்யா நீ."

ஜூன் இரண்டாம் வாரம் ஹென்றி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்காமல் நேரே வலை தைக்கிற கொட்டகைக்கு வந்தான். வாயெல்லாம் பல்.

"அண்ணே, போன வாரம் கரைக்கு வந்துதான் போனைத் தொறந்தேன் கேட்டியளா. டயரு நீங்க போடச்சொன்ன மேல்விலைக்கு வித்துருக்கு. பெயிண்டும் நல்லா ஏறிக் கெடக்கு. அறுவதாயிரம் எழுவத்திரண்டு ஆயிருக்கு. எல்லாம் ஒங்க கைராசி!"

அந்த டயரும் அந்தப் பெயிண்டும் ஜெயவேலுடையவை. அவன் தேர்ந்தெடுத்தவை. விலைகளை எழுதிக் கொடுத்தவன் அவன். ஜெயவேல் வலை ஊசியை நிறுத்தினான்.

"நீ இன்னாடா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல்லண்ணே."

"அதான்டா கேக்குறேன். ஒண்ணும் பண்ணாதவனுக்கு எப்டிடா குடுக்குறான் துட்டு? ரெண்டு மாசம் கண்ணு வலிக்க பாத்தவன் நானு!" ஊசியை வீசி எறிந்தான். ஹென்றி பயந்துபோய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"பாக்காண்டாம்னு இல்லண்ணே," என்றான். "எனக்கும் பாக்கணும்னு ஆசைதான். அங்க டவரு கெடைக்கல்ல."

ஜெயவேல் எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தையும் நம்பிப் பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டு போனான், மூத்தவன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று.

"மச்சான், மூணு லட்சம் வாங்கிக்கினு அரைக்கால் பங்கு எய்து. மீதிய மெதுவா பாத்துக்கலாம்."

"அரைக்கால் பங்கா?" பொன்னுரங்கம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "காசிமேட்டுல எவன் மாப்ள கேள்விப்பட்டிருக்கான் அரைக்கால் பங்க? ரவிக்குமாரு முந்தாநாளு முழு துட்டும் கொணாந்து வெச்சிட்டுப் போய்ட்டான். பத்து நாளா அவன டபாய்ச்சிக்கினு இருந்தேன், உனுக்காவ. எனுக்கும் கால் ஆபரேசன் கீது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

அவனைக் குறை சொல்ல முடியாது. ரவிக்குமாருக்கு நான்கு படகுக்கு ஐஸ் கொடுத்துப் பழக்கம், ஒரு நாள்கூடக் கடலுக்குப் போனவன் இல்லை. கால் பங்கு அவன் பேரில் எழுதப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜெயவேல், "இனிமே இத்த நீயே வெச்சிக்க" என்று போனில் இருந்த ஷேர் கணக்கின் ரகசிய எண்ணைக் கீர்த்தியை மாற்றச் சொன்னான். அவள் மாற்றினாள். பெயிண்டை மறுபடி வாங்கினாள், அவன் விற்றதைவிட அதிக விலைக்கு.

ஜூன் பதினைந்தாம் தேதி விடியற்காலை படகுகள் கிளம்பின. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, புதுப் பங்குதாரர் என்று ரவிக்குமாருக்கு மாலை போட்டார்கள். மாலையோடு அவன் ஜெயவேலிடம் வந்து போனைக் காட்டினான். படகில் பொருத்தியிருக்கிற கருவி மேலே சேட்டிலைட்டுக்குச் செய்தி அனுப்புமாம். டவர் இல்லாத இடத்திலும் படகு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கரையில் இருந்தே தெரியுமாம்.

"டிரைவரே, நீ எங்க கீறன்னு எனுக்கு தெரிஞ்சிக்கினே இருக்கும். நான் எப்பவும் பாத்துக்கினே இருப்பேன்."

"கால் பங்குதான வாங்கின? கால்வாசி நேரம் பாரு, போதும்" என்று சொல்லிவிட்டு ஜெயவேல் படகில் ஏறினான். ஹென்றி கயிற்றை அவிழ்த்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் கார்குழலி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரவிக்குமார் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றான், கையில் போன்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரு ரெண்டு மணி நேரமா ஒரே எடத்துல நிக்கிறாரு? நகரவே இல்ல. ஒன்னும் புடிபடலயா? பக்கத்துல இருந்த போட்டெல்லாம் தெக்கால போவுது. இவரு மட்டும் இன்னாத்துக்கு நிக்கிறாரு? வயர்லெஸ்ல சொல்லி எடத்த மாத்தச் சொல்லவா?"

கார்குழலி கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். ஷேர் போன நாளிலிருந்து அவள் கத்தாமல் வைத்திருந்ததெல்லாம் அப்போது வந்தது.

"ராத்திரியெல்லாம் வல இழுத்துட்டு தூங்குறாங்களா இருக்கும். அதையும் நீ பாக்கணுமா? பத்தாம் நாளு கரைக்கு வருவாங்க, அப்ப வந்து பாரு உன் மீன! அதுவரைக்கும் அத்த தூக்கி எதுக்குள்ளியாவது போட்டு மூடி வெய்யி!"

ரவிக்குமார் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "இல்லம்மா, கேட்டேன்…" என்று இழுத்துக்கொண்டே திரும்பி நடந்தான். நான்கு அடி போவதற்குள் போனை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினான்.